ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடையில்

2025 மே மாதம் கூகி வா தியாங்கோ இறந்த செய்தி வந்த வாரத்தில் நண்பர்கள் நாலைந்து பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு, எதிர்பார்த்தபடியே, 1968-க்குப் போயிற்று. அந்த வருஷம் நைரோபிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கூகியும் ஹென்றி ஒவூர்-அன்யூம்பாவும் தபான் லோ லியோங்கும் சேர்ந்து ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். ஆங்கிலத் துறையை எடுத்துவிட வேண்டும், ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வைத்து மற்றவற்றை அதைச் சுற்றி அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். பல்கலைக்கழகம் என்ற ஸ்தாபனம் தன் நடுப்புள்ளி எது என்று தன்னையே கேட்டுக்கொண்ட அபூர்வமான தருணம் அது என்பதில் எங்களுக்குள் அபிப்ராய பேதம் இருக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் எனக்கு ஒரு நெருடல் தோன்றியது. பல்கலைக்கழகம் மாடி. மாடியில் எந்த நாற்காலியை எங்கே போடுவது என்று நாம் வெகுநேரம் பேசினோம். கீழே படிக்கட்டில் எத்தனையாவது படியில் பிள்ளைகள் விழுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு நைரோபியைவிட அதன் தெற்கே உள்ள டான்சானியா கூடுதலாகப் பதில் சொல்லும் என்று எனக்குப் பட்டது. காரணம், கல்வியை மாற்ற வேண்டும் என்பதை அங்கே எழுத்தாளர்களோடு அரசே சொன்னது, செய்தும் பார்த்தது. பாதிவரை செய்து, சரியாக ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டது. அந்த இடம் ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடையில் இருக்கிறது.

எனக்கு இதில் ஏன் இத்தனை அக்கறை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1971-ல் நான் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். அதுவரை தமிழிலேயே படித்தவன். தாவரவியல் வகுப்பில் ஆஸ்மாசிஸ் என்று ஒன்றைச் சொல்லி எழுதிப்போட்டார்கள். மூன்று வாரம் அதை வரி பிசகாமல் மனப்பாடம் செய்தேன். பிறகு ஒரு நாள் பக்கத்து பெஞ்சுக்காரன் சொல்லித்தான் தெரிந்தது, இது பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரைக் கரைசல் ஊற்றி நானே கையால் செய்து பார்த்த சவ்வூடு பரவல் என்று. எனக்குத் தெரிந்திருந்த ஒன்றை, தெரியாத ஒன்றாக அந்த வகுப்பு மாற்றிவிட்டிருந்தது. டான்சானியாவின் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த உருளைக்கிழங்கு ஞாபகம் வருகிறது.

1

சுவாஹிலி கடற்கரையில் பிறந்து வணிகர்களோடு உள்நாட்டுக்குப் போன மொழி. ஜெர்மானியர்கள் வந்தபோது, சிறு உத்தியோகஸ்தர்களைத் தயார் செய்ய அதுவே தோது என்று கண்டுகொண்டார்கள். 1890-களில் தாங்கா நகரில் அவர்கள் தொடங்கிய அரசுப் பள்ளி அந்த நோக்கத்துக்குத்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு வந்த பிரிட்டிஷார் இந்த ஏற்பாட்டைக் கலைக்கவில்லை. 1928-ல் மொம்பாஸாவில் கூடி, சான்ஸிபார் வழக்கைத் தரமான சுவாஹிலியாக வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தார்கள். 1930-ல் அதற்கென்று நான்கு பிரதேசங்களுக்கும் பொதுவான ஒரு மொழிக் குழு அமைந்தது. எழுத்துக்கூட்டலும் இலக்கணமும் பாடப்புத்தகங்களும் அந்தக் குழுவின் கையில் ஒழுங்குபட்டன.

இதை மொழிக்குச் செய்த உபகாரம் என்று கொள்ளலாம். ஆனால் அந்த ஒழுங்குக்குள் ஒரு மேல்கீழ் இருந்தது. கீழ் வகுப்புகளுக்குச் சுவாஹிலி. மேலே போகப் போக ஆங்கிலம். குமாஸ்தாவின் மொழி ஒன்று, அதிகாரியின் மொழி வேறொன்று. 1925-ல் தபோராவில் தலைவர்களின் பிள்ளைகளுக்காக நிறுவிய பள்ளி இந்த இரண்டாவது மொழிக்கான வாசல். அந்த வாசல் வழியாக 1937-ல் உள்ளே போன ஒரு பையன் ஜூலியஸ் நியெரெரே. வீட்டில் ஸனாகி பேசியவர், ஆரம்பப் பள்ளியில் சுவாஹிலி படித்தவர், தபோராவில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தவர். பிறகு உகாண்டாவின் மகெரெரே. அதன்பின் எடின்பரோ, 1952-ல் எம்.ஏ. திரும்பி வந்து பள்ளி ஆசிரியராக இருந்தார். நாட்டுத் தலைவரான பிறகும் ஜனங்கள் அவரை ‘ம்வாலிமு’, அதாவது வாத்தியார், என்றே கூப்பிட்டார்கள். மூன்று மொழிப் படிகளையும் ஏறிக் கடந்தவர் அவர். ஏறியவர்களுக்குப் படியின் உயரம் தெரியும் என்று நாம் நினைக்கிறோம். எப்போதும் அப்படி இல்லை.

2

தார் எஸ் ஸலாமில் 1961-ல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, சட்டத் துறையில் 14 மாணவர்களோடு ஆரம்பித்தது. ஐந்து வருஷம் கழித்து, 1966 அக்டோபரில், அந்த மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். படித்து முடித்தவர்கள் கட்டாய தேச சேவைக்குப் போக வேண்டும், அந்தக் காலத்தில் சம்பளத்தின் ஒரு பகுதியே கிடைக்கும் என்று அரசு கொண்டுவந்த திட்டத்தை எதிர்த்து ஊர்வலம். கல்லூரி அங்கிகளோடு ஜனாதிபதி மாளிகைக்குப் போனார்கள். இதைவிடக் காலனி ஆட்சியே மேல் என்ற கருத்தும் அவர்களுடைய வாசக அட்டைகளில் இருந்தது. நியெரெரே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஏறத்தாழ 400 பேரை அங்கிருந்தே வீட்டுக்கு அனுப்பினார். கூடவே, தன் சம்பளத்தை 20 சதவீதம் குறைத்துக்கொள்வதாக அறிவித்தார். மாணவர்களில் பெரும்பாலோர் மறுவருஷம் திரும்ப அனுமதிக்கப்பட்டார்கள்.

இந்தச் சம்பவத்தைத் தனியாக வைத்துப் பார்த்தால் ஒரு தலைவரின் கோபம். அடுத்து நடந்தவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் அர்த்தம் விரிகிறது. 1967 பிப்ரவரியில் அருஷா பிரகடனம். மார்ச்சில் ‘தற்சார்புக்கான கல்வி’ என்ற நியெரெரேயின் சிறு நூல். கல்வி யாரை உருவாக்குகிறது என்ற கேள்வியை அந்த அங்கிகள் அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டன என்றே நான் நினைக்கிறேன். தொடக்கப் பள்ளியில் படிப்பவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்குத்தான் அடுத்த கட்டத்தில் இடம். ஆனால் பாடத்திட்டம் முழுக்க அந்த 13 பேருக்காகவே அமைந்திருக்கிறது, மீதி 87 பேர் தங்களைத் தோற்றவர்கள் என்று நினைத்துக்கொண்டு கிராமத்துக்குத் திரும்புகிறார்கள் என்பதுதான் அவருடைய வாதத்தின் உயிர். தொடக்கப் பள்ளி வேறொன்றுக்கான தயாரிப்பாக இராமல் தன்னளவில் முழுமையான கல்வியாக இருக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு பள்ளிக்கும் வயல் இருக்க வேண்டும் என்றார்.

அதே வருஷம் தொடக்கப் பள்ளியின் ஏழு வகுப்புகளும் சுவாஹிலி வழிக்கு மாறின. ஆங்கிலம் ஒரு பாடம் மட்டும் ஆயிற்று. 1974-ல் முஸோமாவில் கூடிய ஆளும் கட்சி, 1977-க்குள் எல்லாக் குழந்தைகளும் பள்ளியில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அத்தனை பேருக்கு ஆசிரியர்கள் இல்லை. ஏழாம் வகுப்பு முடித்த பையன்களையும் பெண்களையும் எடுத்து, வேலை செய்துகொண்டே பயிற்சி பெறச் சொல்லி, அவர்களையே ஆசிரியர்கள் ஆக்கினார்கள். தரம் குறைந்தது என்று பின்னால் குறை சொன்னார்கள். குறை நியாயமானதுதான். ஆனால் 1967-ல் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தறியாதவர்களாக இருந்த நாட்டில், 1980-களின் நடுவில் அரசுக் கணக்குப்படி பத்தில் ஒருவர்தான் அப்படி இருந்தார் என்பதும் அந்த ஆசிரியர்கள் செய்த காரியம். மொழி கைவசம் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. ஆங்கிலத்தில் இத்தனை ஆசிரியர்களை அவர்கள் எங்கே போய்த் தேடியிருக்க முடியும்?

வயல்கள் வேறு கதை. பள்ளி வயல் பல இடங்களில் குழந்தைகளுக்கு வெறும் உடலுழைப்பாகவே முடிந்தது. பரீட்சை எடுக்கப்படாத வரையில் பெற்றோர் பரீட்சையைத்தான் பார்த்தார்கள். மண்வெட்டி பிடிப்பதற்கு மதிப்பெண் இல்லை என்பது குழந்தைகளுக்கும் தெரிந்திருந்தது.

3

இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்கு அடுத்த பகுதி சுவாரஸ்யமாக இருக்கும்.

1970-ல் தார் எஸ் ஸலாம் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. அங்கே சுவாஹிலிக்கென்று ஒரு துறை வந்தது; இலக்கியத்தையும் மொழியியலையும் சுவாஹிலியிலேயே கற்பித்தார்கள், ஆய்வேடும் அதிலேயே எழுதலாம். அந்த வளாகத்தில் உருவாகி அங்கேயே ஆசிரியரானவர்களில் ஒருவர் யூஃப்ரேஸ் கெஸிலஹாபி. 1971-ல் அவருடைய முதல் நாவல் ‘ரோஸா மிஸ்டிகா’ வந்தது. பள்ளிகளில் அதற்குத் தடை விதித்தார்கள். பிறகு ஒரு காலத்தில் அதையே பாடமாகவும் வைத்தார்கள். 1974-ல் ‘கிசோமி’ என்ற கவிதைத் தொகுப்பு. குத்துவலி என்று பொருள் சொல்லலாம். அதில் யாப்பில்லாத கவிதைகள் இருந்தன.

சுவாஹிலிச் செய்யுளுக்குப் பல நூற்றாண்டு மரபு. அடிக்கு இத்தனை அசை என்ற கணக்கு, அடியின் நடுவிலும் இறுதியிலும் இயைபு. இவை இல்லாதது கவிதையே இல்லை என்று மரபுக் கவிஞர்கள் எழுந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த நோய் என்றார்கள். இந்தச் சண்டையின் ஒவ்வொரு வார்த்தையும் நமக்குப் பரிச்சயமானது. 1959-ல் செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கிய பிறகு எதுகை மோனைக்காரர்கள் நம்மைப் பார்த்துச் சொன்னவைதான். கெஸிலஹாபி ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. ஒரு மொழி தன்னுடைய மரபோடு உள்ளுக்குள் சண்டை போடுகிறது என்றால் அது உயிரோடு இருக்கிறது, அது நவீனமாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நியெரெரேயும் சும்மா இருக்கவில்லை. ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீஸர்’ அவருடைய மொழிபெயர்ப்பில் 1963-ல் வந்தது. 1969-ல் ‘வெனிஸ் வணிகன்’. பின்னதற்கு அவர் வைத்த தலைப்பில் உள்ள சொல் முதலாளிகளையும் குறிக்கும். 1967-ல் தேசிய சுவாஹிலிக் கழகம் நிறுவப்பட்டது. கலைச்சொற்கள் பட்டியல் பட்டியலாக வந்தன. 1981-ல் சுவாஹிலிக்குச் சுவாஹிலியிலேயே பொருள் சொல்லும் அகராதி வந்தது.

ஆக, 1980-களின் தொடக்கத்தில் நிலைமை இது: பாராளுமன்றம் சுவாஹிலியில் பேசியது, ஷேக்ஸ்பியர் சுவாஹிலியில் கிடைத்தார், கவிதை யாப்பை உடைத்து வெளியே வந்துவிட்டது. எட்டாம் வருஷம் இடைநிலைப் பள்ளிக்குள் நுழையும் பையன் மட்டும் அமிலத்தையும் காரத்தையும் ஆங்கிலத்தில் படித்தான்.

4

இந்த முரண் யாருக்கும் தெரியாமல் இல்லை. மக்வேட்டா கமிஷன் 1982-ல் அறிக்கை கொடுத்தது. 1985-லிருந்து இடைநிலைப் பள்ளியைப் படிப்படியாகச் சுவாஹிலிக்கு மாற்றலாம் என்று பரிந்துரைத்தது. 1984-ல் அரசு தன் முடிவை வெளியிட்டபோது அந்தப் பரிந்துரை அதில் இல்லை. ஆங்கிலத்தைப் பலப்படுத்துவது என்று ஆயிற்று. அதே வருஷம் கிரிப்பர், டாட் என்ற இரண்டு பிரிட்டிஷ் நிபுணர்கள் பள்ளிகளைச் சோதித்துப் பார்த்து, இந்த மாணவர்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு வேறெந்தப் பாடமும் கற்பிக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள். அதற்கு வைத்தியமாக வந்ததும் ஆங்கிலமே: பிரிட்டிஷ் உதவியில் ஓர் ஆங்கிலப் போதனைத் திட்டம், பெட்டி பெட்டியாக வாசிப்புப் புத்தகங்கள்.

ஷேக்ஸ்பியரை மொழிபெயர்த்தவர் ஏன் இதைச் செய்தார்? ஆங்கிலம் உலகத்தின் சுவாஹிலி, அதை விட்டுவிடக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். ஆங்கிலம் கற்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ஒரு மொழியைக் கற்பதும் அந்த மொழியில் ரசாயனம் கற்பதும் ஒன்றல்ல. முதலாவதற்கு ஒரு நல்ல ஆங்கில ஆசிரியர் போதும். இரண்டாவதற்கு ஒவ்வொரு பாடத்துக்கும் அப்படி ஒருவர் வேண்டும். இல்லாதபோது என்ன நடக்கும் என்பதைப் பல ஆய்வாளர்கள் அந்த வகுப்புகளில் உட்கார்ந்து எழுதிவைத்திருக்கிறார்கள். ஆசிரியர் சுவாஹிலியில் விளக்குகிறார். கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதுகிறார். பிள்ளைகள் சுவாஹிலியில் புரிந்துகொண்டு, புரிந்துகொண்டதை விட்டுவிட்டு, கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறார்கள். பரீட்சையில் அந்தக் கரும்பலகையைத் திருப்பி எழுத வேண்டும். கேள்வி கேட்கும் பிள்ளைகள் குறைந்துவிடுகிறார்கள், ஏனென்றால் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்க வேண்டும்.

அதன்பின் பணம் இல்லாமல் போயிற்று. எண்ணெய் விலை, உகாண்டாவோடு 1978-79-ல் நடந்த யுத்தம், 1986-ல் சர்வதேச நிதியத்தோடு ஒப்பந்தம். பள்ளிக் கட்டணங்கள் திரும்ப வந்தன. தொடக்கப் பள்ளியில் சேரும் குழந்தைகளின் விகிதம் குறைந்தது. வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைக் கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் அனுப்பினார்கள். பின்னால் உள்நாட்டிலேயே தனியார் ஆங்கிலவழித் தொடக்கப் பள்ளிகள் முளைத்தன. மேடையில் சுவாஹிலி, வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் என்ற ஏற்பாடு நிலைபெற்றது.

பிறகு வாசல்கள் மறுபடி திறந்ததையும் சொல்ல வேண்டும். 2001-ல் தொடக்கப் பள்ளிக் கட்டணம் நீங்கியது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் இடைநிலைப் பள்ளி என்று கட்டத் தொடங்கினார்கள். ஊர்க்காரர்களே கல் சுமந்து கட்டிய பள்ளிகள் உண்டு. 2004-ல் இடைநிலைப் பள்ளி மாணவர்கள் நாலரை லட்சத்துக்கும் குறைவு. 2010-ல் பதினாறு லட்சத்துக்கு மேல். 2016-லிருந்து அதன் முதல் நான்கு வருஷங்களும் இலவசம். நியெரெரே வருத்தப்பட்ட அந்த 13 சதவீதம் பழங்கதையாகிவிட்டது. இதைச் சாதனை என்று சொல்லத் தயங்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் வாசல் அகலமானது. வாசலுக்குள் இருந்த சுவர் அப்படியே இருந்தது. இதுவரை சிலர் முட்டிக்கொண்ட சுவரில் இப்போது லட்சக்கணக்கானவர்கள் முட்டிக்கொண்டார்கள். 2012-ல் நான்காம் படிவத் தேர்வு எழுதிய சுமார் நாலு லட்சம் பேரில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் தேறவில்லை. பிரதமர் விசாரணைக் குழு அமைத்தார். மதிப்பெண் கணக்கிடும் முறை சரியில்லை என்று முடிவுகளைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். ஆசிரியர் பற்றாக்குறை, ஆய்வுக்கூடம் இல்லாதது, புத்தகம் இல்லாதது என்று காரணங்கள் பல, எல்லாம் உண்மை. அவற்றோடு மொழியும் ஒரு காரணம். மற்றவற்றுக்குப் பணம் வேண்டும். இதற்கு வேண்டியது ஒரு முடிவு. 2014-ம் ஆண்டுக் கல்விக் கொள்கை சுவாஹிலிக்கு இடம் கொடுப்பதுபோல் பேசியது. பள்ளியில் மாற்றம் நடக்கவில்லை. 2021-ல் நீதிமன்றங்களின் மொழியாகச் சுவாஹிலியைச் சட்டம் ஆக்கினார்கள். ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பும் தீர்ப்பை எழுதப் போதுமான மொழி, ஒரு பதினான்கு வயதுப் பெண்ணுக்கு ஒளிச்சேர்க்கையைச் சொல்லப் போதாது என்று ஆயிற்று.

5

இங்கே என் வாதத்துக்கு எதிரான ஒன்றை நானே வைக்க வேண்டும். டான்சானியாவில் 120-க்கும் மேற்பட்ட மொழிகள். சுவாஹிலி அவற்றில் பலருக்குத் தாய்மொழி இல்லை. பள்ளியில் கற்ற மொழி. விக்டோரியா ஏரியில் உகெரெவே என்று ஒரு தீவு. அங்கே அனிசேத்தி கிதெரேஸா 1945-ல் தன் தாய்மொழியான கெரெவேயில் ஒரு பெரிய நாவல் எழுதி முடித்தார். கெரெவேயில் அதை அச்சிட யாரும் இல்லை. பல வருஷங்களுக்குப் பிறகு அவரே அதைச் சுவாஹிலியில் மொழிபெயர்த்தார். 1980 என்று ஆண்டு போட்டு அது வெளிவந்தது. 1981-ல் அவர் இறந்தார். கெஸிலஹாபியும் அதே தீவில் பிறந்தவர்தான். அடுத்த தலைமுறைக்காரர், அவர் நேராகவே சுவாஹிலியில் எழுதினார். சுவாஹிலிப் பள்ளி கெஸிலஹாபியை உருவாக்கியது. அதே பள்ளிக்குக் கிதெரேஸாவின் மொழி தேவைப்படவில்லை. ஆங்கிலம் சுவாஹிலிக்குச் செய்ததைச் சுவாஹிலி கெரெவேக்குச் செய்தது என்று ஒருவர் சொன்னால் என்னால் முழுதாக மறுக்க முடியாது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ஏழாம் வகுப்பு முடித்த கெரெவேக் குழந்தை சுவாஹிலியில் கேள்வி கேட்கும்; ஆங்கிலத்தில் கேட்காது. கல்வியைக் கேள்வி கேட்கும் சக்தியால் அளப்பதென்றால் இந்த வித்தியாசம் சிறியதல்ல.

நைரோபியின் குறிப்பைப் பற்றி நான் குறைவாக நினைக்கிறேன் என்று நண்பர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது என்பதைக் குத்திக்காட்டுவதும் என் நோக்கமல்ல. கூகியே பின்னால் அதைத் தாண்டிப்போய் கிகூயுவில் எழுதினார், 1977-ன் கடைசி நாளில் சிறைக்கும் போனார். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். எழுத்தாளர்கள் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் ஜெயிப்பது சாத்தியம். தார் எஸ் ஸலாமில் ஜெயித்தார்கள். அந்த ஜெயத்தின் சத்தத்தில், ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடையில் நடக்கும் தோல்வி கேட்காமல் போய்விடுகிறது.

அங்கே மேடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக இருந்தவர்களைப் பற்றி எழுதியபோது என் பேனா கொஞ்சம் தயங்கியது. ஆஸ்மாசிஸை மூன்று வாரம் மனப்பாடம் செய்த நான், என் மகளை முதல் வகுப்பிலேயே ஆங்கிலவழிப் பள்ளியில்தான் சேர்த்தேன். அவள் என்னைப்போல் சிரமப்படக் கூடாது என்று நினைத்தேன். சிரமப்படவில்லை. இந்தப் பத்திரிகை மாதாமாதம் வீட்டுக்கு வருகிறது. அவள் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. சவ்வூடு பரவல் என்ற சொல்லைச் சென்ற மாதம் அவளிடம் சொன்னேன். என்ன அது என்று கேட்டாள்.